கரடி பிரிக்காத பை

கிட்ட வந்து உட்காருங்க பிள்ளைகளா. இன்னும் கிட்ட. காலை மடக்கிக்கோ, பின்னால் வருகிறவனுக்கு இடம் வேண்டாமா? ம், சரி. இப்போது கேளுங்க.

ஆனைக்குட்டை வற்றிக்கொண்டே வந்தது. முதலில் கரை வெடித்தது. அப்புறம் அல்லித்தண்டு வெளியே தெரிந்தது. கடைசியில் நடுவே ஒரு பாய் அகலத்துக்குச் சேறும், சேற்றின் மேல் கொஞ்சம் பழுப்புத் தண்ணீரும்தான் மிச்சம்.

அந்தக் குட்டை ஓரத்துச் சருகுக்குள் தவிட்டாயி என்று ஒரு சருகுமான் இருந்தாள். சருகுமானைப் பார்த்திருக்கிறீர்களா? முயல் அளவுதான் இருக்கும். கால் நாலும் குச்சி. தவிட்டு நிற உடம்பில் வெள்ளைப் புள்ளிகள். சருகில் அசையாமல் நின்றால் மிதித்தால்தான் தெரியும். அவளுக்கு இப்போதுதான் பிறந்த ஒரு குட்டி. பேர் பொட்டு.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கசம் உண்டு. எந்தக் கோடைக்கும் வற்றாத ஆழத் தண்ணீர். ஆனால் போகிற வழியில் மொட்டைமேட்டில் ஒரு ராத்திரி தங்கியே ஆகவேண்டும். மொட்டைமேடு என்றால் மொட்டைதான்! மரம் கிடையாது, புதர் கிடையாது, வெறும் பாறை. கீழே ஒரு சொட்டு விழாத நாளிலும் அங்கே பொழுது சாய்ந்தால் குளிர்காற்றும் சாரலும் வந்துவிடும். பெரிய உடம்புக்காரர்கள் நனைந்து நடுங்கி, விடிந்ததும் ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விடலாம். பால்குடிக் குட்டி தாங்குமா?

'இங்கே இருந்தா தாகம் கொல்லும். அங்கே போனா குளிரு கொல்லும்,' என்று தவிட்டாயி பொட்டுவை நக்கிக்கொண்டே யோசித்தாள்.

யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு வழி கிடைத்தது. குளிர்காலத்தில் டவுனிலிருந்து சிலபேர் அந்தக் குட்டைக்கரையில் தங்கிப்போக வந்திருந்தார்கள். நடுவில் ஒற்றை யானை ஒன்று வந்து ஒரே ஒரு சத்தம்தான் போட்டது. வந்தவர்கள் போட்டது போட்டபடி ஓடிவிட்டார்கள். சாமான் எல்லாம் ஆலமரத்தடியில் அப்படியே கிடந்தது.

"இதையெல்லாம் எடுத்துக்கிட்டுப் போனா மேட்டுல நனைய வேண்டியதில்லை!" என்றான் கரிமுத்து.

கரிமுத்து என்பது கரடி. உடம்பு பெரிசு, குரலும் பெரிசு. அதனால் அவனே தன்னைத் தலைவனாக வைத்துக்கொண்டான். அவன் பின்னாலேயே சுற்றுவது வாலப்பன் என்ற குரங்கு. கரிமுத்து தும்மினால்கூட "அருமையா தும்முனீங்கண்ணே!" என்று சொல்லக்கூடியவன். இவர்களோடு ஊசியம்மாவும் புறப்பட்டாள். அவள் முள்ளம்பன்றி. வாய் ஓயாது, மனசு வெல்லம்.

ஆலமரத்தடியில் சாமான் பொறுக்கும் படலம் தொடங்கியது.

வாலப்பன் ஒரு மடக்குக் கத்தியை எடுத்தான். ஒரே கைப்பிடிக்குள் கத்தி, கத்தரி, ரம்பம், மூடி திறப்பான் எல்லாம் ஒளிந்திருந்தன. "பாத்தீங்களா! ஒண்ணுக்குள்ள ஒன்பது!" என்று ஒவ்வொன்றாகப் பிரித்தவன், மடக்கும்போது வால்நுனியையும் சேர்த்து மடக்கிவிட்டான். அவன் போட்ட கூச்சலில் மைனாக்கள் பறந்தன.

கரிமுத்து எடுத்தது ஒரு வட்டமான பச்சைப் பை. பளபளவென்று இருந்தது. மேலே கூடாரத்தின் படம் போட்டிருந்தது.

"இதுதான்டா கூடாரம்! மேட்டுல போய் இதைப் பிரிச்சா, உள்ளே ராஜா மாதிரி படுத்துக்கலாம்."

தவிட்டாயி ஒரு கயிற்றுச் சுருளைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தாள். பிறகு கழுத்தில் மாட்டிக்கொண்டாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்:

"கரிமுத்தண்ணே, கிளம்பறதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை இங்கேயே பிரிச்சுப் பாத்துடலாமா?"

"எதுக்கு?"

"வெள்ளோட்டம் விடத்தான். கீழே ஊர்க்காரங்க தேர்த்திருவிழாவுக்கு முன்னாடி என்ன செய்யறாங்க? சாமி இல்லாம, பூ இல்லாம, வெறுந்தேரைத் தெருவைச் சுத்தி ஒரு தடவை இழுத்துப் பாக்கறாங்கல்ல? சக்கரம் உருளுதா, அச்சு தாங்குதான்னு அப்பத்தானே தெரியும்."

வாலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "கேட்டீங்களாண்ணே! நாம தேர் இழுக்கப் போறமாம்! தவிட்டாயி, நீ முன்னால போய் மேளம் அடி!"

கரிமுத்து சிரிக்கவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டான். "அதெல்லாம் வேண்டாம். போய்ப் பிரிச்சுக்கலாம்," என்று திரும்பி உட்கார்ந்துவிட்டான்.

அவன் மனசில் இருந்தது வேறு. பிரித்துவிட்டால் திரும்ப மடிக்கத் தெரியாதே! தலைவனுக்கு மடிக்கத் தெரியவில்லை என்றால் மானம் போகுமா போகாதா?

தவிட்டாயி அவன் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். நேரே வாலப்பனிடம் போனாள்.

"வாலப்பா, உன்கிட்ட மட்டும் சொல்றேன், வெளியே விட்றாதே. அந்தப் பச்சைப் பைக்குள்ள கூடாரமே இல்லையாம். கிழிஞ்ச போர்வையாம்."

"அப்படியா! யார் சொன்னா?"

"பேச்சு அடிபடுது."

வாலப்பன் வாயில் ஒரு விஷயம் நிற்குமா? அந்தக் கிளைக்குச் சொன்னான், இந்தக் கிளைக்குச் சொன்னான். நிழல் நகர்வதற்குள் காடு முழுக்க, "கரடி கிழிஞ்ச போர்வையைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காம்!" என்று கிசுகிசுத்தது.

"எவன்டா சொன்னது!" என்று கரிமுத்து குதித்தான். "பாருங்கடா எல்லாரும்! நல்லா பாருங்க!" என்று பையின் வாயைப் பிடித்து ஒரு இழு இழுத்தான்.

படீர்!

உள்ளே சுருண்டிருந்த கம்பி வளையம் எகிறியது. கூடாரம் தானாகவே விரிந்து கரிமுத்துவின் தலையில் கவிழ்ந்தது. கூடாரத்துக்கு நாலு கால் முளைத்து, "காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" என்று குட்டையைச் சுற்றி ஓடியது. ஊசியம்மா சிரித்த சிரிப்பில் அவளுடைய முட்கள் எல்லாம் கலகலவென்று ஆடின.

ஒருவழியாக அவனை வெளியே இழுத்தார்கள்.

"பிரிச்சது பிரிச்சாச்சு," என்றாள் தவிட்டாயி ஒன்றும் தெரியாதவள்போல. "எல்லாரும் ஒரு தடவை உள்ளே படுத்துப் பாத்துடுவோம்."

படுத்தார்கள். கரிமுத்து நடுவில், வாலப்பன் ஓரத்தில், ஊசியம்மா மூலையில். ஊசியம்மா "ஆகா, என்ன சொகுசு!" என்று ஒரு புரண்டு புரண்டாள்.

சட்! சட்! சட்! சட்!

நிமிர்ந்து பார்த்தால் கூரை எங்கும் புள்ளி புள்ளியாக வெளிச்சம்.

"அண்ணே, நட்சத்திரம் வந்துடுச்சு!" என்றான் வாலப்பன். அப்போது நடுப்பகல்.

கரிமுத்துவுக்கு வந்ததே கோபம். "எல்லாம் இவளால வந்தது! இவ எங்ககூட வரவேண்டாம். முள்ளை வச்சுக்கிட்டு இவளுக்கு எதுக்குக் கூடாரம்?"

கலகலப்பாக இருந்த ஊசியம்மா அப்படியே சுருங்கிப்போனாள். "நான் இங்கேயே சேத்தை நக்கிக்கிட்டுக் கிடக்கறேன், போங்க," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அக்கா எங்கே போவா? அவளும்தான் வருவா," என்றாள் தவிட்டாயி. "அவளுக்கு முள் இருக்குன்னு நேத்துதான் தெரிஞ்சுதா? படுக்கப்போறது யாருன்னு பாக்காம துணியை எடுத்தது நம்ம தப்பு. இது மேட்டுல கிழிஞ்சிருந்தா என் குட்டி இப்ப நனைஞ்சுக்கிட்டிருக்கும். இங்கே கிழிஞ்சதுக்குச் சந்தோஷப்படுங்க!"

சாமான் குவியலுக்கு அடியில், மண்ணில் விரித்துப்போட்ட ஒரு பழைய தார்ப்பாய் இருந்தது. எண்ணெய்க் கறை, புகை நாற்றம், ஓரத்தில் ஒரு கிழிசல். ஆனால் கனம் என்றால் நல்ல கனம். தவிட்டாயி அதைக் குளம்பால் கீறிப் பார்த்தாள். கிழியவில்லை. ஊசியம்மா உதிர்த்த முள் ஒன்றை ஊசியாக்கி, நாரைக் கோத்து, ஓரத்துக் கிழிசலைத் தைத்தார்கள்.

"அக்கா, நீ வாசல்ல உக்காரு. முகம் உள்ளே, முதுகு வெளியே. உன் முள்ளு துணி மேலயும் படாது, எங்க மேலயும் படாது. சிறுத்தை வந்தாலும் உன் முதுகைப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போயிடும்!"

"அப்ப நான்தான் கதவா?" என்று ஊசியம்மா நிமிர்ந்தாள். முகத்தில் சிரிப்பு திரும்பிவிட்டது. "யோவ் கரடி, இனிமே உள்ளே வரணும்னா என்னைக் கேட்டுட்டு வா!"

குட்டைக்கரையில் முளைக்குச்சி அடித்து, கயிறு இழுத்து, தார்ப்பாயைக் கட்டினார்கள். நன்றாக நின்றது. "முடிஞ்சுது, கிளம்பலாம்!" என்றான் வாலப்பன்.

"இன்னும் முடியலை. இப்ப அதோ, குட்டைக்குப் பக்கத்துல இருக்கற அந்தப் பாறை மேல கட்டிப் பாக்கணும்."

"மறுபடியுமா! உனக்கு வேற வேலையே இல்லையா?"

"தேர் ஓடப்போறது தெருவுல. வெள்ளோட்டத்தை வயல்ல விடுவாங்களா வாலப்பா? நாம படுக்கப்போறது பாறையில."

முணுமுணுத்துக்கொண்டே பாறைமேல் ஏறினார்கள். முளைக்குச்சி ஒன்றுகூட இறங்கவில்லை. வளைந்தது, எகிறியது, கரிமுத்துவின் மூக்கில் பட்டது. கடைசியில் முளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கயிற்றைப் பெரிய கல்லில் கட்டினார்கள். கரிமுத்து போட்ட முடிச்சு இரும்பாக இறுகிவிட்டது. ஊசியம்மா கடித்துத் துண்டாக்கித்தான் எடுக்க முடிந்தது. தவிட்டாயிக்குக் கை ஏது? அவள் வாயாலேயே ஒரு முடிச்சுப் போடப் பழகினாள். எவ்வளவு இழுத்தாலும் நிற்கும். தொங்குகிற நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். போட்டாள், உருவினாள். போட்டாள், உருவினாள். வாலப்பன் கொட்டாவி விட்டான்.

மறுநாள் விடியற்காலையில் கிளம்பினார்கள். தவிட்டாயி கயிற்றைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். பொட்டு அவள் காலடியிலேயே ஒட்டிக்கொண்டு வந்தது. தார்ப்பாயைச் சுமப்பது கரிமுத்து.

இங்கேதான் பிள்ளைகளா, கரடி ஒரு காரியம் செய்தான். அந்த எண்ணெய்த் தார்ப்பாயைத் தோளில் போட அவனுக்குக் கூச்சமாக இருந்தது. 'தலைவன் சுமக்கிற சாமானா இது?' அப்போது ஆலமரத்து வேருக்குப் பின்னால் ஒரு நீலப் பை கண்ணில் பட்டது. கவர்கூடப் பிரிக்கவில்லை! மேலே ஒருத்தன் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தூங்குகிற படம். 'இவன் தூங்கறதைப் பாத்தாலே தெரியுதே, இதுதான் அசல் கூடாரம்!' தார்ப்பாயை வேருக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நீலப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு கடைசி ஆளாக நடந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பகல் முழுக்க ஏறினார்கள். பொழுது சாய மொட்டைமேட்டில் கால் வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், மேகம் பாறைமேல் ஊர்ந்து வந்தது. காற்று காதைத் திருகியது.

"அண்ணே, தார்ப்பாயை எடுங்க, சீக்கிரம்!" என்றாள் தவிட்டாயி.

கரிமுத்து பல்லைக் காட்டினான். "தார்ப்பாயா? அதைவிட நல்லதா கொண்டாந்திருக்கேன் பாரு!" என்று நீலப் பையைக் கிழித்தான்.

உள்ளிருந்து தொளதொளவென்று ஒரு ரப்பர் விரிப்பு விழுந்தது. கம்பி இல்லை, வாசல் இல்லை. ஓரத்தில் ஒரு குமிழ் மட்டும் இருந்தது. காற்று அடைத்துப் படுக்கிற மெத்தை!

முதல் சாரல் விழுந்தது. பொட்டு "மீ..." என்று ஒரு சத்தம் போட்டு அம்மாவின் வயிற்றுக்கடியில் ஒடுங்கியது. அதன் உடம்பு நடுங்குவது தவிட்டாயியின் கால்வரைக்கும் தெரிந்தது.

"நல்லா கொண்டாந்தீங்கண்ணே," என்றான் வாலப்பன், முதல்தடவையாகப் புகழாமல்.

"இவனைத் தலைகீழா தொங்கவிடணும்!" என்று ஊசியம்மா முள்ளைச் சிலிர்த்தாள்.

கரிமுத்து பாறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இவ்வளவு பெரிய உடம்பு, ஒரு உடும்பு அளவுக்குச் சிறுத்துப்போனது. "தப்புதான்... குட்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா..." என்று இழுத்தான்.

"திட்டறதை நாளைக்கு வச்சுக்கலாம்," என்றாள் தவிட்டாயி. அந்த ரப்பர் குமிழை முகர்ந்து பார்த்தாள், கடித்துத் திறந்தாள். "அண்ணே, உங்க மூச்சு பெரிய மூச்சு. இதுல ஊதுங்க!"

கரிமுத்து ஊதினான். கன்னம் பூசணிக்காயாக உப்பியது. மெத்தை நெளிந்தது, நிமிர்ந்தது, கனத்துத் தடித்துப் பெரிய பலகைபோல் நின்றது.

"வாலப்பா, பிடி!" என்பதற்குள் காற்று மெத்தையைத் தூக்கியது. மெத்தையோடு வாலப்பனும் எழும்பினான். "அண்ணே, நான் போறேன்ண்ணே!" என்று அலறினான். தவிட்டாயி கயிற்றின் நுனியைக் கவ்விப் பாய்ந்து மெத்தையின் பிடிவாரில் கோத்து இழுத்தாள். கரிமுத்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். வாலப்பன் தொப்பென்று திரும்பி வந்தான்.

அதன்பிறகு எல்லாம் சுறுசுறுப்பாக நடந்தது. பாறையில் ஒரு இடம், கரடி படுத்தால் மறைகிற உயரத்துக்குப் படிபோல் எழும்பி நின்றது. மெத்தையைக் கூரைபோல அதன்மேல் சாய்த்தார்கள். முளைக்குச்சியை யாரும் நினைக்கக்கூட இல்லை. கரிமுத்து கல் உருட்டினான், தவிட்டாயி முடிச்சுப் போட்டாள். வாய் விறைத்திருந்தது, கண்ணில் சாரல் அடித்தது. ஆனாலும் பழகிய முடிச்சு தானாக விழுந்தது.

"குட்டியை உள்ளே விடு, நனையுது!" என்றாள் ஊசியம்மா.

"இரு அக்கா. இந்த மெத்தை புதுசு." தவிட்டாயி பொட்டுவை ஊசியம்மாவின் முகத்தருகே விட்டுவிட்டு, தானே முதலில் உள்ளே படுத்தாள். "அண்ணே, நல்லா பிடிச்சு ஆட்டுங்க!"

கரிமுத்து ஆட்டினான். ஒரு ஓரமாகத் தண்ணீர் உள்ளே வழிந்து அவள் முதுகு நனைந்தது. "இந்தப் பக்கக் கல்லைக் கொஞ்சம் தள்ளுங்க... இன்னும்... போதும்." மறுபடி ஆட்டினான். ஒரு சொட்டு விழவில்லை. அதற்கப்புறம்தான் குட்டியைக் கூப்பிட்டாள்.

வாசலில் ஊசியம்மா, முதுகு வெளியே. ஆனால் ஒரு சங்கடம். அவள் சற்றே திரும்பினாலும் முள் மெத்தையில் ஏறும், காற்று போய்விடும்.

எல்லாரும் கரிமுத்துவைப் பார்த்தார்கள்.

"நானா?"

"நீங்கதாண்ணே நடுவுல."

கரிமுத்து ஒரு பக்கம் மெத்தையும் மறுபக்கம் ஊசியம்மாவுமாகப் படுத்தான். ஊசியம்மா மூச்சு விடும்போதெல்லாம், "ஐயோ!" என்றான். 

"மெத்தையைப் பாத்துக்க கரடி," என்றாள் ஊசியம்மா செல்லமாக. "நான் இன்னும் தூங்கவே ஆரம்பிக்கலை."

வெளியே காற்று பாறையைப் பிறாண்டியது. உள்ளே பொட்டு கதகதப்பாகப் பால் குடித்துவிட்டு, கரடியின் மயிர் அடர்ந்த வயிற்றில் காலை நீட்டித் தூங்கியது. அதற்காகவே கரிமுத்து கடைசிவரை அசையவில்லை.

விடிந்தது. தவிட்டாயி ஒவ்வொரு முடிச்சாக ஒரு இழுப்பு இழுத்தாள், எல்லாம் வழுவழுவென்று உருவிக்கொண்டு வந்தன. வெயில் ஏறுமுன் கசத்துக்கு இறங்கிவிட்டார்கள். பச்சைத் தண்ணீர்! நிழல்! வாலப்பன் கிளையிலிருந்தே குதித்தான். பொட்டு முதல்முதலாகத் தண்ணீரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பயந்து அம்மாவுக்குப் பின்னால் ஓடியது.

எல்லாரும் குடித்து முடித்தபோது கரிமுத்துவைக் காணவில்லை. தேடினால், மருதமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். மடியில் ஒரு சிவப்புப் பை, வாய் கட்டினது கட்டினபடி. இந்தப் பக்கமும் யாரோ வந்து யானைக்குப் பயந்து ஓடியிருக்கிறார்கள்.

"என்ன பளபளப்பு பாருங்க!" என்றான் கரிமுத்து, முதுகைச் சொறிந்துகொண்டே. "இதைப் பத்திரமா வச்சிருந்து, திரும்பிப் போறப்ப மேட்டுல..."

"ஆமாண்ணே, பிரிக்காதீங்க, அப்புறம் மடிக்க முடியாது!" என்றான் வாலப்பன்.

புதுசு, பளபளப்பு என்பதெல்லாம் பார்க்கிற கண்ணுக்குத்தான் பிள்ளைகளா. எந்தக் கருவியானாலும், அதைப் பிடிக்கப்போகிறவர், அது உழைக்கப்போகிற தரையிலேயே முன்னதாக ஒரு தடவை வெள்ளோட்டம் விட்டுப் பார்த்திருந்தால்தான் ஆபத்து நேரத்தில் கைகொடுக்கும்.

தவிட்டாயி எழுந்து வந்து, கரடியின் மடியில் இருந்த சிவப்புப் பையின் முடிச்சு நுனியைப் பல்லால் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள்.